நிண்டா கொதிக்கிற மருமகன்

வாங்க மருமகன், இந்தக் கதிரையில குந்துங்க. கார் ஆறட்டும். அது ஆறுமட்டும் நீங்களும் கொஞ்சம் ஆறுங்க. மாமி இஞ்சி போட்ட பிளேன்டீ ஊத்துறா. பொனட்ட மட்டும் திறந்து விட்டுட்டு வாங்க. அந்த ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க. ஏன் எண்டு பொறகு சொல்லுறன். உங்களுக்குக் கை ரெண்டும் வேணும், கடன் பத்திரத்துல ஒப்பம் வைக்கிறதுக்காவது.

நேத்துப் பின்னேரத்துக் கதை எனக்குக் கிடைச்சிட்டு. கல்முனைக்குடியில துவங்கின கதை சாய்ந்தமருதுக்கு வந்துசேர உங்கட கார் தேவையில்ல, அது நடந்தே முன்னுக்கு வந்திடும். கடற்கரைப் பள்ளியில கொடியேற்றம். நாகூர் ஆண்டவர்ட பேரால ஏத்துற கொடியப் பாக்க ஊரெல்லாம் ரோட்டுல. அந்தச் சனத்துக்குள்ள நீங்க நாப்பது வயசுக் கார ஸ்டார்ட்ல வச்சு, பொறகு பூட்டின ஏசியையும் போட்டு, மகளையும் புள்ளைகளையும் ஏத்திக்கொண்டு நிண்டிருக்கீங்க. ஹீட் மீட்டர் முள்ளு ஏறிச் சிவப்புல முட்டி, பொனட்டுக்குள்ளால வெள்ளையாப் புகை வந்திரிக்கி. பக்கத்துல நிண்ட ஒரு மூத்தம்மா அதச் சாம்பிராணி எண்டு நினைச்சு, முக்காட்ட இழுத்துப் போட்டு துஆக் கேட்டாவாம். கபூலாகட்டும். உங்கட எஞ்சினுக்கும் சேத்துக் கேட்டிருந்தா நல்லம்.

சரி, ஒண்டு கேக்கிறன். நேத்து பொத்துவில்லேர்ந்துதானே வந்தீங்க? திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு. இவ்வளவும் ஓடி வரக்குள்ள முள்ளு எங்க நிண்டது? நடுவுல. அசையல்ல. பகல் வெயில் முகத்துல நெருப்பள்ளிக் கொட்டுற நேரம், அப்பவும் அசையல்ல. இஞ்ச வந்து, கடல்காத்து அடிக்கிற பின்னேரத்துல, சும்மா நிக்கக்குள்ள கொதிச்சிட்டு. ஓடக்குள்ள குளிருது, நிண்டாக் கொதிக்கிது. சரியா?

இதுல அதிசயப்பட ஒண்டுமில்ல. நம்மட ஊர் வழக்கத்துல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வாற. நானும் அப்பிடித்தான் இந்த வளவுக்கு வந்தன். நாப்பத்தெட்டு வருஷமாகுது, இன்னும் மாமிட வீடு எண்டுதான் சொல்லுறாங்க. வந்த மாப்பிள்ளைமார் எல்லாருக்கும் இந்த வருத்தம் இரிக்கி. வட்டைக்குப் போய் வெள்ளாமையப் பாத்து, கடைக்குப் போய் கணக்கப் பாத்து ஓடித் திரியக்குள்ள குளிர்ந்து கிடப்பாங்க. ரெண்டு நாள் வீட்டுல குந்தினாப் போதும், உப்புக் கூடினதும் குத்தம், உறப்புக் குறைஞ்சதும் குத்தம் எண்டு கொதிப்பாங்க. ஏன்? ஓடுற மனிசனுக்குக் காத்துத் தானா வரும். குந்தின மனிசனுக்கு யாராவது விசிறவேணும்.

நான் சொல்ல வந்த மருந்து அவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இரிக்கி. ஆனா நீங்க மூணு மாசமா ஊரெல்லாம் மருந்து கேட்டீங்க, என்னட்ட மட்டும் கேக்கல்ல. நாப்பது வருஷம் நெல்லு லொறி ஓடினவன் வீட்டுக்குள்ள கிடக்கான் எண்டு உங்களுக்குத் தெரியாதாக்கும்.

முதல்ல உங்கட காக்கா வந்தார். தேர்மோஸ்டட்டக் கழட்டி எறி எண்டார். எறிஞ்சீங்க. மறுகா தேத்தண்ணிக் கடையில ஒருத்தர், ரேடியேட்டர் ஒழுகுது, மஞ்சள்தூள் போட்டா அடைச்சிடும் எண்டார். போட்டீங்க. மாமிட குசினியில மஞ்சள் டப்பா வெறுமையாக் கிடந்தது எனக்குத் தெரியும். நீங்க மஞ்சளோட கொஞ்சம் மாசியும் போட்டிருந்தா ஆணமே ஆகியிருக்கும். அதுக்குப் பொறகு போன்ல வீடியோ பாத்து வோட்டர் பம்ப மாத்தினீங்க. ரெண்டு ஆட்டுக்குட்டி வித்த காசு போச்சு. கார் இன்னும் கொதிக்கிது. தலையிடிக்குத் தலவாணிய மாத்தினாப்போல ஒவ்வொண்டா மாத்தினீங்களே தவிர, தலை எப்ப இடிக்கிது எண்டு கேக்கல்ல.

அதுதான் முதல் கேள்வி. எப்பக் கொதிக்கிது?

நம்மட ஊர்ல சூடு எண்டாலே ரெண்டு கருத்து. ஒண்டு வெக்கை. மத்தது வெட்டின கதிரக் குவிச்சு வைக்கிற சூடு. இப்ப வெட்டு மெஷின் வந்து ஒரு பக்கத்தால கதிர விழுங்கி மத்தப் பக்கத்தால மூட்டையத் துப்புது, உங்களுக்கு அந்தச் சூடு தெரியா. அந்த நாளையில சூடடிச்சு முடிஞ்சா தூத்தவேணும். களத்துல ஏறி நிண்டு நெல்ல மேலேர்ந்து விட்டா காத்து பதரக் கொண்டுபோகும், மணி கால்மாட்டுல விழும். காத்து நல்லா அடிச்சா தூத்துறவனுக்குச் செலவில்ல. காத்து விழுந்தா? சுளகெடுத்து விசிறவேணும். பிந்தின காலத்துல ட்ரக்டர்ல பெரிய ஃபேன் ஒண்டப் பூட்டித் தூத்தினம்.

உங்கட காரும் அந்தக் களம்தான். எஞ்சினுக்குள்ள தண்ணி சுத்துது. சூட்டத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு ரேடியேட்டருக்கு வருது. அவடத்த காத்துப் பட்டாத்தான் சூடு இறங்கும். மணிக்கு அறுபது கிலோமீட்டர்ல ஓடக்குள்ள காத்து அல்லாஹ்ட புண்ணியத்துல தானா வந்து அடிக்கும். ஃபேன் செத்துக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியா. நிண்டா அந்தக் காத்து விழுந்திடும். மறுகா உள்ள ஒரே சுளகு ஃபேன்தான். எரிக்கிற பெட்ரோல்ட சக்தியில ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு தண்ணியில ஏறுது, இன்னொரு பங்கு சைலன்சரால போகுது, மிச்சத்துலதான் சில்லு சுத்துது. ஸ்டார்ட்ல நிக்கக்குள்ள சில்லுக்கு ஒண்டும் போகா. எரிக்கிறது கொஞ்சம்தான், ஆனா எரிக்கிறதெல்லாம் சூடு.

அதால இந்தக் கிழவண்ட கணக்கு இதுதான். நிண்டாக் கொதிச்சா காத்தத் தேடு. ஓடினாக் கொதிச்சா தண்ணியத் தேடு. நிண்டாலும் ஓடினாலும் கொதிச்சா ஹெட்டத் தேடு.

மஹியங்கனையால கண்டிக்கு ஏறுற பதினெட்டு வளைவு தெரியுமே? அதுதான் எங்கட லொறிகளுக்கு டாக்குத்தர். ஏத்தத்துல, பாரத்தோட, எஞ்சின் முக்கி இழுக்கக்குள்ள கொதிச்சா ரேடியேட்டர்ட உள்குழாய் அடைச்சிரிக்கி, இல்லாட்டி பம்ப்ட இறகு தின்னுப்பட்டிரிக்கி, இல்லாட்டி கீழ்க் குழாய் உறிஞ்சி ஒட்டிப்போகுது எண்டு விளங்கும். பதினெட்டு வளைவுல கொதிக்காத வண்டி கல்முனை பஸாருக்க வந்து கொதிச்சா, அவனுக்கு வருத்தம் தண்ணியில இல்ல, காத்துல. ரெண்டு நோய்க்கும் ஒரே காய்ச்சல்தான், மருந்துதான் வேற. நீங்க பம்ப மாத்தினது மஹியங்கனை நோய்க்கு கல்முனையில மருந்து குடிச்ச கதை.

இது நம்மட மூளைக்கு மட்டும் பட்ட விஷயம் எண்டு நினைக்காதீங்க. 1900ல ஜெர்மனியில வில்ஹெல்ம் மேபாக் எண்ட மனிசன் முதல் மெர்சிடிஸ் காருக்குத் தேன்கூடு மாதிரி ரேடியேட்டர் ஒண்டு கட்டினார். 8,070 சின்னக் குழாய், ஒவ்வொண்டும் ஆறு மில்லிமீட்டர் சதுரம். அதுக்கு முந்தி 18 லீட்டர் தண்ணி தேவைப்பட்ட இடத்துல 9 லீட்டர் போதுமெண்டாச்சு. அப்பிடிப்பட்ட கூட்டக் கட்டின மனிசனும் அதுக்குப் பின்னால ஒரு ஃபேன வச்சார், கார் மெதுவாப் போகக்குள்ள காத்துப் போதாது எண்டு. நூத்திருபத்தைஞ்சு வருஷத்துக்கு முந்தி அந்த மனிசனுக்கு விளங்கினது, போனுக்க கிடக்கிற உங்களுக்கு விளங்கல்ல.

கோவிக்காதீங்க மருமகன். தேத்தண்ணியக் குடிங்க, ஆறிடும். ஆறவேண்டியது கார், தேத்தண்ணியில்ல.

இப்ப மூடிட கதை. தண்ணி நூறு பாகையில கொதிக்கும் எண்டு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ரேடியேட்டருக்குள்ள அப்பிடியில்ல. அந்த மூடியில 0.9 எண்டு பொறிச்சிரிக்கி பாருங்க. அவ்வளவு அமுக்கத்துல வச்சா வெறும் தண்ணியே 118 பாகை தாண்டித்தான் கொதிக்கும், கூலன்ட் கலந்தா இன்னும் மேல போகும். மாமிட பிரஷர் குக்கர் மாதிரித்தான். சூட்டோட மூடியத் திறந்தா அமுக்கம் போயிடும், உள்ளுக்குள்ள கிடந்த தண்ணி ஒரே நேரத்துல கொதிச்சு முகத்துல அடிக்கும். முகத்துல அந்த வடுவோட திரிஞ்ச ரெண்டு கிளீனர்மார எனக்குத் தெரியும். அரை மணித்தியாலம் பொறுங்க. மேல் குழாயக் கையால பிடிச்சுப் பாருங்க. பிடிச்சுக்கொண்டிருக்க ஏலுமெண்டாத்தான் மூடியத் தொடவேணும், அதுவும் தடிச்ச துணி போட்டு.

அந்த மூடிக்கு இன்னொரு குணம். உள்ளுக்க இரிக்கிற ரப்பர் காய்ஞ்சு வெடிச்சிட்டா அமுக்கம் நிக்கா. பொறகு தண்ணி நூறுலயே கொதிக்கும், கொதிச்சுப் பக்கத்துப் போத்தலுக்குப் போகும், போனது திரும்பி வரா. வண்டியில உள்ள சாமானுக்குள்ள விலை குறைஞ்சது இந்த மூடிதான். அதாலதான் ஒருத்தரும் அதப் பாக்கிறதில்ல. நம்மட ஆக்களுக்கு விலை கூடின வருத்தம் வந்தாத்தானே மரியாதை.

உங்கட மூடிய நான் பாத்துட்டன். அது நல்லம். தண்ணியும் மட்டத்துல இரிக்கி, மஞ்சள் நிறத்துல எண்டாலும்.

அடுத்தது ரேடியேட்டர்ட முகம். குனிஞ்சு பாருங்க, பின்னால டோர்ச் அடிச்சா வெளிச்சம் இங்கால தெரியவேணும். போகம் வெட்டுற காலத்துல சம்மாந்துறை ரோட்டுல, மாவடிப்பள்ளிப் பக்கத்துல, பாதி ரோட்டுக்கு நெல்லுக் காயப் போட்டிருப்பாங்க. அதுக்கு மேலால காத்து மாதிரிப் பறக்கிறீங்க. பறக்கிற பதர், வைக்கோல் தும்பு, ராவையில மோதுற பூச்சி எல்லாம் அந்தத் தகட்டு இடுக்குல போய்ப் படுத்திடும். முகத்த மூடின மனிசனுக்குக் காத்து எங்கால போகும்? ஏசி பூட்டின வண்டியெண்டா முன்னுக்கு அதுட தகடு ஒண்டு இரிக்கி, ரெண்டுக்கும் நடுவுல சேருறது வெளியால தெரியவும் தெரியா. கழுவுறதெண்டா எஞ்சின் பக்கத்தால முன்னுக்குத் தண்ணியடிக்கவேணும், மெதுவா. முன்னால நிண்டு அமுக்கிப் பாய்ச்சினா குப்பை இன்னும் உள்ளுக்குப் போகும், தகடும் மடங்கும். கடற்கரையில குடியிருக்கிற வண்டிக்கு இன்னொரு சாபம் உப்புக் காத்து. தகடு உக்கி, விரலால தொட்டா அப்பளமாட்டம் உதிரும். உதிர்ந்த தகட்டுக்கு மருந்தில்ல, மாத்தத்தான் வேணும்.

உங்கடது உதிரல்ல. மூணு மாசத்துக்கு முந்தித்தானே மாத்தினீங்க. அதத்தான் நான் நினைவு வச்சிரிக்கன். நீங்களும் நினைவு வைங்க.

மூணாவது ஃபேன். ஆனா ஃபேன் எல்லாம் ஒரு சாதியில்ல. புதுசான கார்கள்ல கரண்ட் ஃபேன். சூடேறினா தானா ஓடவேணும், ஏசி போட்டா உடனே ஓடவேணும். ஓடாட்டி ஃபியூஸ், ரிலே, சூட்ட அறியிற சுவிட்ச், துருப்பிடிச்ச ஏர்த் வயர் எண்டு வரிசையாப் பாக்கவேணும். பெட்டரியிலேர்ந்து நேரா ரெண்டு வயர் குடுத்துப் பாத்தா மோட்டருக்கு உயிரிரிக்கா இல்லையா எண்டு அந்த இடத்துலயே விளங்கும். வேற சில வண்டியில பெல்ட்டால சுத்துற ஃபேனுக்கு நடுவுல உருண்டையா ஒண்டு இரிக்கும், உள்ளுக்குச் சிலிக்கோன் எண்ணெய். சூடேறினா ஃபேன இறுக்கிப் பிடிக்கும், குளிர்ந்தா விடும். எஞ்சின நிப்பாட்டிப்போட்டுக் கையால சுத்திப் பாருங்க. கொஞ்சம் இறுக்கமா நிண்டா நல்லம். தட்டினவுடன சந்தைக் காத்தாடியாட்டம் நாலு சுத்துச் சுத்தினா எண்ணெய் போயிட்டு, ஆள் மௌத்து.

உங்கடது பழைய கொரோலா டிஎக்ஸ் வேகன், ஃபோர் கே எஞ்சின், 1290 சீசி. ஃபேன் நேரா பம்ப் புளியில பூட்டிக் கிடக்கு. கரண்டுமில்ல, சிலிக்கோனுமில்ல, பொய் சொல்லத் தெரியாத சாமான். பெல்ட் இறுக்கமெண்டா சுத்தும், லூஸெண்டா வழுக்கும். பெருவிரலால நடுவுல அமத்தினா அரை அங்குலம் இறங்கலாம். அதுக்கு மேல இறங்கினா அது பெல்ட்டில்ல, ஊஞ்சல். உங்கட பெல்ட்டையும் அமத்திப் பாத்துட்டன். சரியாத்தான் இரிக்கி.

வயசானவர்ட கார் எண்டபடியால இன்னொண்டும் பாக்கவேணும். டைமிங் பிந்திப் போயிருந்தா, இல்லாட்டி டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வெக்கூம் குழாய் வெடிச்சிருந்தா, நெருப்பு நேரம் பிந்திப் பத்தும். பத்தின சூடு பிஸ்டனத் தள்ளாம சுவரச் சுடும். ஸ்டார்ட்ல நிக்கக்குள்ள அது நல்லாக் காட்டும். ஜும்ஆவுக்கு ஸலாம் குடுக்கிற நேரத்துல வாறவன் மாதிரி. வந்தான்தான், வேலை முடிஞ்சிட்டு.

டீசல்காரனுக்கு வேற கதை. டீசல் எஞ்சின் ஸ்டார்ட்ல நிக்கக்குள்ள மிச்சம் கொஞ்சமாத்தான் எரிக்கும், அதால குளிர்ந்துதான் கிடக்கும். அவன் சும்மா நிண்டு கொதிச்சா எனக்குப் பயம் வரும். ரேடியேட்டர்ல குமிழி வருதா, சைலன்சரால வெள்ளைப் புகை விடாம வருதா, ஒயில் கம்பியில பால்தேத்தண்ணி நிறத்துல எண்ணெய் ஒட்டுதா எண்டு பாக்கவேணும். அப்பிடியெண்டா ஹெட் கேஸ்கட் போயிட்டு. நம்மட ரோட்டுல ஓடுற பழைய ஹையேஸ் டொல்பின்காரர் கனபேர்ட டூ எல் எஞ்சின் ஒருதரம் நல்லாக் கொதிச்சாலே ஹெட் வெடிக்கிற பேர்வழி. அதுவும் எஞ்சின் டிரைவர்ட ஆசனத்துக்கு அடியில. கொதிக்கிறது மீட்டர்ல தெரிய முந்தி வேற இடத்துல தெரிஞ்சிடும்.

சரி, தேர்மோஸ்டட்டுக்கு வருவம். உங்கட காக்காவுக்கு ஸலாம் சொல்லுங்க. அவர் எறியச் சொன்ன அந்தப் பித்தளைக் குட்டி, வாசல்ல குந்தியிருக்கிற மாமியாட்டம். எஞ்சின் சூடாகுமட்டும் தண்ணிய வெளிய விடா. 82 பாகை வந்தவுடன கதவத் திறக்கும். பழுதா எண்டு பாக்கிறதுக்கு எறியத் தேவையில்ல. நூல்ல கட்டிச் சட்டித் தண்ணியில தொங்கவிட்டு அடுப்புல வச்சா, திறக்குதா எண்டு கண்ணால காணலாம். அது இல்லாட்டி எஞ்சின் சரியாச் சூடேறாம ஓடும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். சில எஞ்சின்ல அது சூடேறக்குள்ள குறுக்கு வழியையும் அடைக்கிற சாமான். அதக் கழட்டினா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கால சுத்திக்கொண்டே இரிக்கும், முந்தியவிடக் கூடக் கொதிக்கும். மாமி இல்லாட்டி வீடு நிம்மதி எண்டு நினைச்ச மாப்பிள்ளைமார் ரெண்டு நாளையில விளங்கிக்கொண்டதத்தான் சொல்லுறன். மெதுவாக் கதைப்பம், மாமி குசினியிலதான் நிக்கிறா.

தண்ணியப் பத்தியும் ஒரு சொல்லு. கிணத்துத் தண்ணிய ஊத்தாதீங்க. நம்மட கரை மணல்ல கிணறு தோண்டினா சவரும் சுண்ணாம்பும் சேந்துதான் வரும். குடிக்கிற கேத்தல்ட அடியில வெள்ளையாப் படியிறது ரேடியேட்டர்ட குழாயிலயும் படியும். 2004 டிசம்பர் 26ல கடல் வந்து கிணறெல்லாம் உப்பாக்கிட்டுப் போனது. அந்த நாளப் பத்தி நான் பகிடி விடமாட்டன். இறைச்சு இறைச்சுத்தான் கிணத்த மீட்டம், மனிசர மீட்கேலா. காய்ச்சி வடிச்ச தண்ணியோட கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. அதுல துருவுக்கு மருந்து இரிக்கி. வைத்தியனுக்குக் குடுக்கிறத வாணியனுக்குக் குடு எண்டு நம்மட மூத்தவங்க சொன்னது வீணில்ல. ஹெட் வெட்டுற பாஸுக்குக் குடுக்கிறத கூலன்ட் விக்கிற கடைக்காரனுக்குக் குடுங்க. முதல்ல அந்த மஞ்சள் தண்ணிய முழுசா இறக்குங்க.

இனிமேல் நடு ரோட்டுல முள்ளு ஏறினா என்ன செய்யிற? முதல்ல ஏசிய நிப்பாட்டுங்க. நியூட்ரல்ல போட்டு அக்ஸிலரேட்டர மெதுவா அமத்துங்க, ஃபேனும் பம்பும் கொஞ்சம் வேகமாச் சுத்தும். ஹீட்டர் இரிக்கிற காரெண்டா அதையும் போடுங்க, சின்ன ரேடியேட்டர் ஒண்டு கூடக் கிடைச்ச மாதிரி. இந்த ஊர்ல எவன் ஹீட்டர் வச்சிரிக்கான் எண்டு கேக்காதீங்க, வச்சிரிக்கிறவனுக்குத்தான் சொன்னன். முள்ளு இறங்காட்டி, இல்லாட்டி புகை கண்டா, ஓரம் கட்டி எஞ்சின நிப்பாட்டுங்க. பச்சைத் தண்ணிய மேலால ஊத்தாதீங்க, சூட்டு இரும்புல குளிர் பட்டா வெடிக்கும். மானம் போனா அடுத்த கொடியேற்றத்துக்குள்ள ஊர் மறந்திடும். ஹெட் போனா கராஜ்காரன் மறக்கமாட்டான்.

கார வித்துட்டுப் புதுசு வாங்குவம் எண்டு மகள் சொன்னாவாம். வாங்கலாம். 2020 மார்ச்சுல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, 2025 பெப்ரவரியிலதான் தனியார் கார்களுக்குக் கதவத் திறந்தாங்க. திறந்த கதவால வரிதான் முதல்ல உள்ளுக்கு வந்து குந்தினது. கதவு மூடிக் கிடந்த காலத்துலதான் உங்கட டிஎக்ஸ் மாதிரிக் கிழடுகளுக்கெல்லாம் மாப்பிள்ளை விலை வந்தது. 2022ல எண்ணெய்க்கு வரிசையில கிடந்தமே, நினைவிரிக்கா? எஞ்சின நிப்பாட்டிப்போட்டு ஒவ்வொரு முழமாத் தள்ளினம். அப்ப ஒரு காரும் கொதிக்கல்ல, மனிசர்தான் கொதிச்சாங்க.

இனி முடிவுக்கு வாறன். காலம்பற நீங்க கார ஸ்டார்ட்ல போட்டுட்டு போன் கதைக்க ஒழுங்கைக்குப் போனீங்க. அப்ப நான் ஒரு பழைய பத்திரிகைத் தாள எடுத்து ரேடியேட்டர்ட முகத்துல வச்சுப் பாத்தன். ஃபேன் நல்லா இழுத்தா தாள் அப்பிடியே ஒட்டிக்கொண்டு நிக்கும். உங்கட கார்ல நடுவுல மட்டும் ஒட்டிச்சு, நாலு மூலையும் தொங்கிச்சு. மறுகா வழுக்கி நிலத்துல விழுந்தது. ஃபேன் சுத்துது, பெல்ட் சரி. ஆனா இழுக்கிறது ரேடியேட்டருக்குள்ளால வாற காத்த இல்ல, பக்கத்தால வாற காத்த. எஞ்சின்ட சூட்டுக் காத்தையே திரும்பத் திரும்பக் குடிச்சுக்கொண்டு கிடக்கு.

ஏனெண்டா ஃபேனச் சுத்தி இரிக்கவேண்டிய கூடு இல்ல. ஃபேன் கவர் எண்டு பாஸ்மார் சொல்லுவாங்க. பாக்கிறதுக்கு வெறும் பிளாஸ்டிக் வளையம். ஆனா அதுதான் ஃபேன்ட இழுவைய ரேடியேட்டர்ட முழு முகத்துக்கும் பரப்பிக் குடுக்கிற. களத்துல ட்ரக்டர் ஃபேனுக்கு ரெண்டு பக்கமும் சாக்குக் கட்டினது காத்து சிதறாம நேரா வாறதுக்குத்தான், அந்தச் சாக்குத்தான் இது. மூணு மாசத்துக்கு முந்தி ரேடியேட்டர மாத்தின கராஜ்ல, புது ரேடியேட்டருக்கு அதுட ஓட்டை ரெண்டு பொருந்தல்ல எண்டு கழட்டி, இது தேவையில்லாத சாமான் எண்டு டிக்கியில போட்டு அனுப்பினாங்க. நீங்களும் டிக்கியிலேர்ந்து எடுத்து வேலியோரம் வச்சீங்க. ஓடக்குள்ள அது இல்லாத குறை தெரியா. நிண்டாத்தான் தெரியும்.

எங்க அது எண்டு தேடாதீங்க. கோழிக்கூட்டுக்குள்ள கிடக்கு. செவலைப் பேட்டுக்கு அடை வைக்க வட்டமா ஒண்டு வேணுமெண்டு மாமி கேட்டா, வேலியோரம் கிடந்தத நான்தான் எடுத்துக் குடுத்தன். ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல எண்டு அப்பிடிப் பாக்காதீங்க. நீங்க கேக்கல்லயே மருமகன்.

போய் எடுத்துட்டு வாங்க. பொருந்தாத ரெண்டு ஓட்டைக்கு தகட்டுல பட்டி வெட்டி வச்சிரிக்கன், அலுமாரிக்கு மேல கிடக்கு. நாலு போல்ட், அரை மணித்தியால வேலை. ஃபேன் இறகு கவருல முட்டாம ஒரு விரல் இடம் விட்டுப் பூட்டுங்க. எஞ்சின் நல்லா ஆறினாப் பொறகு.

பேடு கொத்தும், கவனம். அடியில ஒம்பது முட்டை இரிக்கி, எண்ணித்தான் வச்சிரிக்கன்.